வைரத்தில் மீகடத்தலும் காந்தமும் ஒன்றாக இருக்க முடியுமா?

முடியும். மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரம் ஓடுவதே மீகடத்தல். சுத்த வைரத்தில் மின்சாரம் ஓடாது. போரான் என்ற தனிமத்தை நிறையக் கலந்து மைனஸ் 269 டிகிரி வாக்கில் குளிரவைத்தால் தடையின்றி ஓடும், 2004இல் கண்டது.

சரி, காந்தத்தோடு என்ன பகை? மீகடத்தலில் எலக்ட்ரான்கள் எதிரெதிர்ச் சுழற்சியுடன் ஜோடி சேரும். வேலூர் கோட்டை மைதானத்தில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று, கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டிரில் மாஸ்டர் வந்து, "எல்லாரும் கோட்டைப் பக்கம் திரும்பு" என்றால் பிடி விட்டுவிடும். காந்தம்தான் அந்த மாஸ்டர். (பிள்ளைகளுக்குப் பிடிக்காத ஆள்.)

ஆனாலும் போரானோடு ஹைட்ரஜனும் சேர்ந்த நுண்வைரப் படலத்தில் இரண்டும் சேர்ந்தே தென்பட்டதாக 2017இல் ஆய்வு வெளியானது.

மோதிரத்து வெள்ளை வைரத்தை ஃபிரீசரில் வைத்தால் இது வராது. அதில் போரானும் இல்லை, அந்தக் குளிரும் போதாது.