மேடிசனில் ஏரியைப் பார்த்த வீடு கிடைத்தால் எடுக்கலாமா?

கேள்வி: வரும் ஆகஸ்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க அமெரிக்காவின் மேடிசன் நகருக்குச் செல்கிறேன். ஏரியைப் பார்த்தபடி உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்குச் சேரலாமா? எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

அந்த ஊரில் ஆறு ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள் மாறியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஜன்னலில் ஏரி தெரிகிறதா என்று பார்க்கும் முன்பு, ஒப்பந்தத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஏரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவில், மிகக் குறுகிய இடத்தில் ஒரு மைல் அகலம்கூட இல்லாத நிலத்துண்டின் மேல்தான் நகரத்தின் நடுப்பகுதி இருக்கிறது. மாநிலச் சட்டமன்றக் கட்டடமும், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் ஸ்டேட் வீதியும் அதற்குள் அடக்கம். பல்கலைக்கழகமே மெண்டோட்டாவின் தென்கரையில் நீளமாகப் படுத்திருக்கிறது. மாணவர்கள் கூடும் கட்டடமான மெமோரியல் யூனியனுக்குப் பின்னால், ஏரிக்கரையில் உள்ள டெரஸில் சூரியக்கதிர் வடிவ முதுகு கொண்ட இரும்பு நாற்காலிகள் கிடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கரையோரமாகவே, ஏரிக்குள் நீளும் பிக்னிக் பாயிண்ட் என்ற நிலமுனை வரை நடந்து போகலாம். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் சிறிது நேர நடையில் ஏதாவது ஓர் ஏரி வந்துவிடும் என்னும்போது, அதை ஜன்னலிலும் காண மாதாமாதம் கூடுதல் வாடகை தருவது எனக்கு வீண்செலவாகவே தோன்றியது.

கரையோர வீட்டுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. சுற்றியுள்ள பண்ணை நிலங்களிலிருந்து பாஸ்பரஸ் ஏரிக்குள் வந்து சேர்வதால், கோடையின் வெப்பமான வாரங்களில் நீலப்பச்சைப்பாசி படர்ந்து, குளிக்கும் கரைகளைச் சில நாட்களுக்கு மூடிவிடுவார்கள். காற்று உங்கள் பக்கம் வீசினால் அதன் நாற்றம் அறைக்குள்ளும் வரும். 2018 ஆகஸ்டில் நகரின் மேற்கே ஒரே இரவில் கொட்டிய மழைக்குப் பின்பு மொனோனா ஏரி அதுவரை பதிவாகாத உயரத்துக்கு ஏறியது. கரையைத் தாண்டி வழிந்ததைவிட, மழைநீர் வடிகால் வழியாகத் திரும்பி வந்து தெருவில் நின்ற தண்ணீரே நடுப்பகுதியில் பெரும் தொல்லையாயிற்று. அதனால் அந்தப் பகுதியில் நிலவறை வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது என்றால், அந்த ஆண்டில் உள்ளே தண்ணீர் வந்ததா என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி தேதிக்கு வருகிறேன். வளாகத்தைச் சுற்றியுள்ள பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் 15 அன்று தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14 நண்பகல் வாக்கில் முடிகின்றன. வீட்டை மாற்றுகிறவர் 14-ஆம் தேதி பழைய சாவியைக் கொடுத்துவிட்டால், புதிய சாவி மறுநாள்தான் கையில் கிடைக்கும். நடுவில் ஒரு இரவு ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு முகவரியே கிடையாது. எனக்கு அப்படி வாய்த்த முதல் இரவை, வாடகைக்கு எடுத்த வேனின் முன்னிருக்கையில், மடியில் குக்கரை வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு மெத்தைகள் சரியாதபடி அவ்வப்போது திரும்பிப் பார்த்தபடியே கழித்தேன். அதே நாட்களில் நடைபாதை முழுவதும் சோஃபா, மேசை, விளக்கு எனக் குவிந்து கிடக்கும். உள்ளூர்க்காரர்கள் அதை ஹிப்பி கிறிஸ்துமஸ் என்கிறார்கள். மரச்சாமான்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மெத்தையையும் துணி வைத்த சோஃபாவையும் மட்டும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி கூடவே வந்துவிடும்.

உங்களுக்கு முதல் ஆண்டில் இந்த இடைவெளி இருக்காது. வகுப்புகள் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்குகின்றன என்பதால், 15-ஆம் தேதிக்குப் பின்பு வந்து இறங்கினால் நேராக வீட்டுக்கே போகலாம். உங்களுக்கு உள்ள சிக்கல் வேறு. அங்கேயே படிப்பவர்கள் அடுத்த ஆகஸ்டுக்கான வீட்டை முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே கையெழுத்திட்டு முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு அனுமதிக் கடிதம் வரும்போது வளாகத்தை ஒட்டிய நல்ல வீடுகள் போயிருக்கும். பதற்றத்தில் புகைப்படத்தை மட்டும் நம்பி முன்பணம் அனுப்பி ஏமாறுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அனுமதி உறுதியானவுடன், பல்கலைக்கழகமே நடத்தும் ஈகிள் ஹைட்ஸ் குடியிருப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கான இடம் அது, மெண்டோட்டா கரைக்கும் மிக அருகில் இருக்கிறது, அங்கிருந்து வளாகத்துக்கு 80 என்ற எண்ணுள்ள பேருந்து இலவசமாக ஓடுகிறது. கிடைக்காவிட்டால், ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒருவரின் வீட்டில் ஓர் அறையைச் சப்லீஸாக, அதாவது அவரிடமிருந்தே உள்வாடகைக்கு எடுத்து, இரண்டாம் ஆண்டுக்கான வீட்டை நேரில் பார்த்து முடிவு செய்வது நல்லது.

நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வழக்கமும் அங்கே அதிகம். அதில் பெரும்பாலும் ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு என்று எழுதியிருக்கும், அதாவது ஒருவர் ஜனவரியில் ஊரைவிட்டுப் போய்விட்டால் அவர் பங்கை மற்றவர்களிடம்தான் கேட்பார்கள். சப்லீஸுக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போனாலும் அசல் பொறுப்பு உங்களிடமே இருக்கும்.

குளிர்காலத்துக்காக இரண்டு விஷயங்களை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சூடேற்றும் செலவு வாடகையில் சேர்ந்ததா என்பது முதலாவது. பழைய மரவீடுகளில் ரேடியேட்டர் இரவெல்லாம் டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தாலும் செலவு பெரும்பாலும் சொந்தக்காரருடையது; தனி மீட்டர் உள்ள வீட்டில், ஜன்னல் இடுக்கு சரியில்லாவிட்டால் ஜனவரிக் கட்டணம் வயிற்றைக் கலக்கும். கார் நிறுத்த இடம் உண்டா என்பது இரண்டாவது. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, நள்ளிரவு 1 மணியிலிருந்து காலை 7 மணி வரை, ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படைக் கதவு எண் உள்ள பக்கத்திலும் இரட்டைப்படைத் தேதியில் எதிர்ப்பக்கத்திலும்தான் தெருவில் காரை நிறுத்தலாம். ஆனால் நகரின் நடுப்பகுதியில் இந்த விதி, பனி அவசரநிலை அறிவித்த நாட்களில் மட்டுமே பொருந்தும். மாணவருக்குப் பேருந்து அட்டை கிடைப்பதால் முதல் ஆண்டில் கார் இல்லாமலே சமாளிக்கலாம். இன்னொன்று, ஏரி உறைந்த இரவுகளில் பனிப்பாளம் விரிசல் விடும்போது தூரத்தில் வேட்டு வெடிப்பதுபோல் கேட்கும். முதல் தடவை நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.

முன்பணத்தைப் பொறுத்தவரை விஸ்கான்சின் விதிகள் குடியிருப்பவருக்குச் சாதகமானவை. எழுதி வைப்பவருக்கு மட்டுமே அவை உதவும். குடிபுகுந்த பின்பு குறைந்தது 7 நாட்கள் வீட்டைச் சோதித்து, ஏற்கெனவே உள்ள சேதங்களை எழுதித் தர உங்களுக்கு உரிமை உண்டு. காலி செய்த பின்பு 21 நாட்களுக்குள் முன்பணத்தையோ, பிடித்தம் எதற்கு என்ற கணக்கையோ சொந்தக்காரர் அனுப்ப வேண்டும். நீங்கள் கெடுக்காத தரைவிரிப்பை வழக்கமாகச் சுத்தம் செய்வதற்கென்று முன்பணத்தில் கழிக்கக்கூடாது. என் மூன்றாவது வீட்டை நிர்வகித்தவர்கள் அதைத்தான் கழித்தார்கள். குடிபுகுந்த வாரத்தில் அடுப்படிக் கறையிலிருந்து குளியலறைக் கதவின் கீறல் வரை தேதியோடு படமெடுத்து அனுப்பிய மின்னஞ்சல் என்னிடம் இருந்தது. அதையே மீண்டும் இணைத்து, விதியைக் குறிப்பிட்டு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினேன். பதில் எதுவும் வரவில்லை, பத்தாம் நாள் மீதித் தொகைக்கான காசோலை மட்டும் தபாலில் வந்தது.