மாவுப்பூச்சிக்கு எறும்பு காவல்

கேள்வி: பப்பாளியில் மாவுப்பூச்சி. மருந்தடித்தால் பத்து நாள் அடங்குகிறது, பிறகு முன்னைவிட அதிகமாகிறது. ஏன்?

பதில்: மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வைக்குள் மருந்து சரியாக இறங்காது, பூச்சியை அடக்கும் குளவிதான் முதலில் சாகும். மெக்சிகோப் பூர்வீகமான இந்தப் பூச்சி 2008இல் கோவையில் தென்பட்டது. இயற்கை எதிரி இல்லாமல் பெருகித் தள்ளியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசெரோபேகஸ் குளவிதான் அதை மடக்கியது. கொசுவைவிடச் சிறிசு, கொட்டாது. இளம் மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும்; குளவியின் புழு உள்ளிருந்தே அதைத் தின்னும். லென்ஸில் பாருங்கள்: உப்பிக் காய்ந்த மாவுப்பூச்சிக் கூட்டில் வட்டத் துளை தெரிந்தால் குளவி வேலையில் இருக்கிறது. மருந்தை நிறுத்துங்கள்.

அடுத்தது எறும்பு. பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காகக் காவல் நின்று குளவியை விரட்டும். தண்டில் ஒரு சாண் அகலத்துக்குப் பாலித்தீன் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள்; பட்டையில் நேரடியாக வேண்டாம். பக்கத்துச் செடியின் இலை உரசினால் எறும்புக்கு அதுவே பாலம்.