லாக்கர் போட்டால் ஆக்சில் ஒடியுமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் களிமண்ணும் பாறையும் கலந்த ஏற்றத்தில் என் மேனுவல் ஜிம்னி (மாருதியின் நான்கு சக்கர இயக்க வண்டி) ஒரு பின்சக்கரம் மட்டும் சுழல நின்றுவிடுகிறது. முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக்கர் பொருத்தி, 30 அங்குல டயருக்கும் மாற நினைக்கிறேன். லாக்கர் போட்டால் ஆக்சில் ஒடிந்துவிடும் என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. மீதி, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் உங்கள் வலது காலைப் பொறுத்தது.

ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். வழுக்கும் சக்கரத்துக்கே எல்லா விசையும் போய்விடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே போவது சுழற்சி மட்டுமே. களிமண்ணில் நிற்கும் சக்கரம் 170 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) அளவிலேயே வழுக்கிவிட்டால், பாறைமேல் நிற்கும் அடுத்த சக்கரத்துக்கும் அதே 170தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வண்டி ஏறாது.

லாக்கரைப் பூட்டியதும் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். பிடிமானம் உள்ள சக்கரம் தாங்குமளவுக்கு விசை அங்கே போய்ச் சேரும். வண்டி சாய்ந்து ஒரு பின்சக்கரத்தின்மேல் 500 கிலோ அழுத்துகிறது, அடியில் உலர்ந்த பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழுக்குவதற்கு முன் அந்தச் சக்கரம் ஏறத்தாழ 1,350 நியூட்டன் மீட்டர் வாங்கும். சற்றுமுன் 170ஐச் சுமந்த அதே ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் தண்டு, இப்போது எட்டு மடங்கைச் சுமக்கிறது. எஞ்சின் சிறியதுதானே என்று தைரியம் கொள்ள வேண்டாம். எஞ்சினின் 134 நியூட்டன் மீட்டர், முதல் கியர் (4.425), 4எல் என்னும் நான்கு சக்கர இயக்கத்தின் குறைவேக கியர் (2.002), ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் (4.09) ஆகியவற்றின் வழியே பெருகும்போது கணக்கில் 4,800ஐத் தாண்டுகிறது.

ஆனாலும், நிதானமாக ஏறும் இந்தச் சுமையில் நல்ல நிலையில் உள்ள ஷாஃப்ட் ஒடிவது அரிது. ஒடிப்பது அதிர்ச்சி. காற்றிலோ சேற்றிலோ வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று பாறையைக் கவ்வும் அந்தக் கணத்தில், அதுவரை சுழன்ற எல்லாவற்றின் வேகமும் ஒரே அடியாக ஷாஃப்டில் இறங்குகிறது. லாக்கர் இல்லாத வண்டியில் வேறு வழி தெரியாமல் எஞ்சினை அலறவிட்டு, இந்த அடியை நாமே வரவழைக்கிறோம். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய பற்சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் குறுக்கு ஊசியும் அப்போதுதான் உரசித் தேய்கின்றன. லாக்கரைத் தடைக்கு முன்பே பூட்டி, நடை வேகத்தில் ஏறுபவரின் வண்டிக்கு இந்த அடி குறைவு. பூட்டிவிட்ட தைரியத்தில் எம்பிக் குதித்து ஏறுபவருக்கு நண்பரின் எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

முன் ஆக்சிலுக்கு லாக்கர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் முன்சக்கரத்தின் சிவி ஜாயிண்ட் (சக்கரம் திரும்பும்போதும் விசையைக் கடத்தும் மூட்டு) மிகவும் வளைந்து நிற்கும், அதன் பலம் வெகுவாகக் குறைந்திருக்கும். முன்பக்கம் பூட்டியிருந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் இன்னும் ஒடித்து, இன்னும் மிதிப்பார். உடைவது அங்கேதான். தோட்டப் பாதைக்குப் பின் லாக்கர் ஒன்றே போதும். அதிலும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை வேண்டாம். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் அது பின்பக்கத்தை வெளியே தள்ளக்கூடும். சுவிட்சைப் போட்டால் மட்டும் பூட்டும் காற்று அல்லது மின் லாக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

30 அங்குல டயரை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். 30 அங்குலம் என்றால் 762. அதே பிடிமானத்தில் ஷாஃப்டின்மேல் விழும் முறுக்கு 10 சதவீதம் கூடும், கியரின் இழுவை அதே அளவு குறையும், டயரின் எடையும் ஏறும். லாக்கரும் பெரிய டயரும் சேர்ந்தால்தான் நண்பர் பயப்படும் நிலை வரும். 215/75 ஆர்15 அளவில் கரடுமுரடான பாதைக்குரிய டயர் போட்டால் விட்டம் 11 மில்லிமீட்டர்தான் கூடும். எந்த மாற்றமானாலும் வாரண்டி, காப்பீடு, வாகனப் பதிவு விதிகள் ஆகியவற்றை முதலில் விசாரித்துவிடுங்கள்.

பணம் செலவழிப்பதற்கு முன் இரண்டு சோதனைகள். டயர் காற்றை 18 பவுண்டுக்கு இறக்கி மெதுவாக ஏறிப் பாருங்கள். மேலே போனதும் மீண்டும் நிரப்பக் கையடக்க கம்ப்ரசர் போதும். இரண்டாவது, நீங்கள் 4எல் போட்டிருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. போடவில்லை என்றால் அதைப் போட்டு ஏறிப் பாருங்கள். ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து, எதிர்ச்சக்கரத்துக்கு விசை சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகுதான் அது வேலை செய்யும். பலரும் சுழன்றதுமே காலை எடுத்துவிடுகிறார்கள். ஆக்சிலரேட்டரை ஏற்றாமல், இறக்காமல் ஓரிரு விநாடி அப்படியே பிடியுங்கள். கடகடவென்று பிரேக் சத்தம் கேட்கும், வண்டி நகரும்.

இத்தனைக்குப் பிறகும் நின்றால் பின் லாக்கர் பொருத்துங்கள். பொருத்துவதற்காக டிஃபரன்ஷியல் கூட்டைத் திறக்கும்போது பழைய ஆயிலை வடிக்கும் திருகை நீங்களே வாங்கிப் பாருங்கள். அதில் சாம்பல் நிறப் பசை மெல்லிதாக ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் சிக்கும் அளவுக்கு உலோகச் சில்லுகள் இருந்தால், அல்லது ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், பேரிங்கையும் ஆயில் சீலையும் கூட்டின் காற்றுப்போக்கிக் குழாயையும் சரிசெய்த பிறகே லாக்கரை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.