பரம்பரையாக ஒரே கட்சிக்கு வாக்களித்த இலங்கை மலையகத் தமிழர்கள் ஏன் இப்போது தங்கள் கட்சி மீதே கோபமாக இருக்கிறார்கள்?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரே தொழிற்சங்கம், ஒரே கட்சி. எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேறு கட்சிக்கு வாக்களிக்கும் குடும்பங்களும் இதையேதான் சொல்கின்றன.

அந்த விசுவாசம் சும்மா வந்ததில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, எத்தனை பேர் இங்கே என்று எங்களைக் கேட்காமலே பேசி முடித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003 வரை வந்துகொண்டிருந்தது. அத்தனை காலமும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசவும், பொலிஸுக்குப் போகவும், பதிவுகள் எடுக்கவும் கூட வந்தது சங்கம்தான். அதனால் என் அப்பாயிக்குக் கட்சி மாறி வாக்களிப்பது சொந்த அண்ணனைக் கைவிடுவது மாதிரி.

கோபம் பிறப்பதும் அந்தச் சங்கத்திலிருந்துதான். மலையகத்தின் பெரிய கட்சிகள் எல்லாம் தொழிற்சங்கத்தோடு ஒட்டியவை. தலைவர் அமைச்சராகிவிட்டால் அரசாங்கத்தை எதிர்த்து யார் வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிடுவது? நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. கிடைத்தது 2021இல், அதுவும் அரசாங்கத்தின் சம்பள நிர்ணய சபை மூலமாக. தோட்டக் கம்பனிகள் சங்கங்களோடு செய்துவந்த கூட்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டன. பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டினார்கள், எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள். கூட்டு ஒப்பந்தம் இருந்திருந்தால் கிலோ கணக்கையும் சங்கம் பேசித் தீர்த்திருக்கும். அடுத்த வருடம் ரூபா விழுந்தபோது அந்த ஆயிரத்தில் மாவும் பருப்பும் வாங்கவே திண்டாடினோம். அப்போதும் மாதாமாதம் சம்பளத்தில் சந்தா மட்டும் தவறாமல் வெட்டினார்கள்.

இன்னொன்று, மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். சந்தாவும் அவர்களுடையதுதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் தலைவர் எப்போதும் ஆண். அம்மா கூட்டத்துக்குப் போனால் மாதர் சங்கம் என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். அவர் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை, மலையில் ஒரு கழிப்பறை. எத்தனை தலைவர்கள் மாறினாலும் அது வரவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தேர்தலுக்குத் தேர்தல் கொழும்பில் யாரோடு கூட்டு, எந்தச் சின்னம் என்பதும் எங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். அப்புறம் மேடை போட்டு 'நம்ம ஆள்' என்பார்கள். 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போனது. இளசுகள் மட்டும் போட்ட வாக்கில்லை அது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் வயதானவர்களும் போட்டார்கள்.

அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டுமானால் முதலில் சங்கத்தையும் கட்சியையும் பிரியுங்கள். அமைச்சர் பதவியில் இருப்பவர் சம்பளப் பேச்சுக்கு வர வேண்டாம். தோட்டத் தலைவரைச் சந்தா கட்டும் எல்லோரும் இரகசிய வாக்கில் தெரிவு செய்யட்டும், பெண்களும் நிற்கட்டும். சந்தாக் கணக்கை வருடத்துக்கு ஒரு தடவையாவது கோயில் மண்டபத்தில் வாசித்துக் காட்டுங்கள்.