உளவியல் அறிவியலா, வெறும் ஊகமா?

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்த மகள் உளவியல் படிக்க விரும்புகிறாள், மனத்தை எப்படி ஆராய முடியும், அது அறிவியல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். "பைத்தியம் பார்க்கிற படிப்பு" என்று உறவினர் யாராவது உங்கள் காதில் போட்டிருப்பார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பெற்றோரிடமும் அதைத்தான் சொன்னார்கள். இன்று நான் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர்.

மனத்தைத் தராசில் வைக்க முடியாதுதான். அது செய்யும் வேலையை அளக்கலாம். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறந்தபின் மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டே 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் மறதியின் போக்கைக் காட்டினார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துக் கோவில் மண்டபத்தில், பிள்ளைகளின் மூளையைத் தூண்டுவதாகச் சொல்லி ஒரு பயிற்சி மையத்தார் கூட்டம் போட்டார்கள். கண்ணைக் கட்டிய ஒரு சிறுமி மடியில் வைத்த அட்டைகளின் நிறத்தைச் சரியாகச் சொன்னாள். செம்பனைக் குலை வெட்டிப் பிழைக்கும் பெற்றோர் பாதி மாதச் சம்பளத்தைக் கட்டத் தயாரானார்கள். நான் எழுந்து, "அட்டையை நெற்றிக்கு நேராகப் பிடியுங்கள், பிடிப்பவரும் நிறத்தைப் பார்க்க வேண்டாம்" என்றேன். சந்தேகப்பட்டால் சக்தி வேலை செய்யாது என்றார் பயிற்றுநர். அந்தச் சிறுமியின் அப்பாவே, "டீச்சர் சொல்கிற மாதிரி செய்து பாருங்கள்" என்றார். கண்கட்டின் மூக்கோரத்து இடுக்கு வழியே பார்க்க முடியாத உயரத்தில் அவளால் ஊகிக்க மட்டுமே முடிந்தது. குழந்தைமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்தச் சோதனை நானாகக் கண்டுபிடித்தது அல்ல. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பால் தட்டிக் கணக்குக்கு விடை சொன்னது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியதை 1907இல் உளவியல் ஆய்வாளர் ஃபுங்ஸ்ட் காட்டினார். கேட்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

"பயிற்சிக்குப் பிறகு மதிப்பெண் ஏறியதே" என்று இன்னும் சிலர் என்னிடம் வாதிடுகிறார்கள். மோசமான தேர்வுக்குப் பிறகுதானே பிள்ளையை அனுப்பினீர்கள்? பயிற்சி இல்லாமலும் அடுத்த தேர்வில் பலருக்கு ஏறும். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை அனுப்பி, மீதிப் பேரோடு ஒப்பிட்டால்தான் பயிற்சியின் பங்கு தெரியும்.

பல ஆய்வுகள் பொய்த்துவிட்டனவே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஆம், 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்ததில் ஏறக்குறைய 36 விழுக்காட்டில்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு மீண்டும் கிடைத்தது. 2015இல் அதைச் செய்து வெளியிட்டவர்கள் பெரும்பாலும் உளவியலாளர்களே. தன் சரக்கைத் தானே சோதித்து, தேறாததையும் அச்சிட்ட துறை என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்புக் கூடியது. நான் ஆய்வாளர் அல்ல, எனவே பட்டியல் கேட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

  

உங்கள் மகள் விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். புள்ளியியலும் ஆய்வுமுறையும் கட்டாயப் பாடமாக இல்லையென்றால் வேறு பல்கலைக்கழகம் தேடுங்கள்.