கோல்ஃப் அடிக்கேக்க இடது தோள் நோகுது, பெஞ்ச் பிரஸ் செய்யலாமோ?

உப்புவெளியில இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கிறார். வயசு 50 தாண்டிட்டுதாம், லீவு நாளில சீனக்குடாவில கோல்ஃப் விளையாடுறவர், வலக்கைக்காரர், ஆனா கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, பின்னுக்குத் தூக்கேக்க இடது தோள்தான் நோகுதாம், மல்லாந்து படுத்துப் பாரத்தை மேல தள்ளுற பெஞ்ச் பிரஸ்ஸில பாரம் கூட்டினா தோளும் பலமாகி பந்தும் தூரமாப் போகுமோ எண்டு.

அண்ணா, பெஞ்ச் பிரஸ்ஸை இப்ப விடுங்கோ. வலக்கைக்காரருக்குக் கூடுதலாப் பழுதாகிறது இடது தோள்தான், ஏனெண்டா கிளப் உச்சிக்குப் போகேக்க இடது கை நெஞ்சுக்குக் குறுக்கால இறுகுது, காறை எலும்பு தோளில வந்து முட்டுற இடம் நசிபடுது, அடிச்சு முடிக்கேக்க அதே கை மற்றப் பக்கம் இழுபடுது. இதுக்குள்ள மூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறது சுத்திவர இருக்கிற நாலு சின்னத் தசை, ரொட்டேட்டர் கஃப் எண்டு சொல்லுறது. பந்தின்ர தூரம் கூடுதலா இடுப்பும் மேல்முதுகும் திரும்புறதாலதான் வருது, முதுகு திரும்பாட்டி கைதான் இன்னும் குறுக்கால போய் நசியும்.

உடற்பயிற்சிக்குப் பாவிக்கிற ஒரு நீட்டு ரப்பர் பாண்ட் போதும். கதவுப் பிடியில கட்டிப்போட்டு வலப்பக்கம் கதவுக்கு இருக்கிற மாதிரி நில்லுங்கோ, இடது முழங்கையை மடிச்சு விலாவோட வையுங்கோ, இடையில ஒரு சின்னத் துவாயைச் சுருட்டி வச்சா நல்லம், அது கீழ விழுந்தா முழங்கை விலகுது எண்டு அர்த்தம். முன்னங்கையை மெதுவா வெளியால கொண்டுபோய் அதைவிட மெதுவாத் திரும்ப விடுங்கோ, 12 இல்லாட்டி 15 தரம், 2 செட், கிழமைக்கு 3 நாள். பிறகு மற்றப் பக்கம் திரும்பி நிண்டு உள்ளுக்கு இழுங்கோ. பாண்டை நெஞ்சுப் பக்கம் இழுக்கிற ரோயிங்கும், கதிரையில இருந்து கையைக் கட்டிக்கொண்டு மேல்முதுகைத் திருப்புறதும் சேருங்கோ. வலது தோளையும் விடாதேங்கோ. குத்துற மாதிரி நொந்தா இழுவை குறைஞ்ச பாண்டுக்கு மாறுங்கோ.

விளையாடப் போக முன்னம் இதைச் செய்து தசையைக் களைக்க வைக்காதேங்கோ. எங்கட திருகோணமலை வெயிலில சும்மா நிண்டாலே வேர்க்கும், அதை வார்ம்அப் எண்டு எண்ணுறவை கனபேர், தோள் அதால இளகாது, கொஞ்சம் நடந்து, கையைச் சுத்தி, சின்னக் கிளப்பால அரைவாசி வீச்சு அடிச்ச பிறகுதான் டிரைவர் எண்ட, தூரத்துக்கு அடிக்கிற நீட்டுக் கிளப்பை எடுக்கோணும். நோ குறையுமட்டும் கிளப்பை முழு உச்சிக்குக் கொண்டுபோகாதேங்கோ.

இரவில அந்தப் பக்கம் படுக்க ஏலாம முழிப்பு வந்தா, கையைத் தூக்க பெலன் இல்லாட்டி, பாண்டைத் தொட முன்னம் டொக்டரிட்டக் காட்டுங்கோ. சீனி வருத்தம் இருக்கிறவைக்கு தோள் இறுகிப்போற வருத்தம் கூட வரும், சீனி இருந்தா அதையும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ.