வேலூரிலிருந்து கடற்கரைக்கு சைக்கிள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

காட்பாடித் தம்பி: அண்ணா, மாசிக் கடைசியில் ஐந்து நாள் லீவு. காஞ்சிபுரம் ஹைவேயில் நேராக மாமல்லபுரம் போய், ஈ.சி.ஆரில் தெற்கே இறங்கலாமா?

அந்த வட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். காரணம் காற்று. வெயிலில் நிலம் சூடேறியதும், மதிய வாக்கில் கடற்காற்று கிளம்பிவிடும். இந்த மாதங்களில் கரையோரம் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து அடிக்கும். தெற்கே போனால் முகத்தில்தான் வாங்க வேண்டும். அதனால் ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாக மரக்காணம் போய்ச் சேருங்கள். நடுவில் வந்தவாசியில் ஒரு ராத்திரி தங்கலாம். கிழக்கே போகும் அந்த இரண்டு நாளும் இருட்டோடு கிளம்பி, பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மரக்காணத்தில் வடக்கே திரும்பிவிட்டால் மாமல்லபுரம் வரை சுமார் 60 கிலோமீட்டரும் காற்று தள்ளிக்கொண்டே வரும். அப்புறம் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று மேற்கே வீடு திரும்பும்போது, நாலு மணிக்கு மேல் மிதித்தால் அப்போதும் அது நம் பக்கம்தான்.

ஆற்காட்டிலிருந்து: கடற்கரையிலேயே டென்ட் போடலாமா?

திறந்த கரையில் தயவுசெய்து வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் இது. டார்ச் வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். பொரிந்த குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து ஊர்ந்து போய்ச் செத்துப்போகும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் தோப்புக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அங்கேயும் மணல்தான், டென்ட் ஆணி நிற்காது. சின்னச் சாக்குப் பையில் மணலை ரொப்பி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

குடியாத்தம் அக்கா: பிள்ளைகளுக்கு மலையேற ஆசை. வழியில் ஏதாவது உண்டா?

திருக்கழுக்குன்றம் போதும் அக்கா. ஐநூறுக்கு மேல் படிகள். கோயில் மலை, செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும். காலை எட்டுக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், அப்புறம் கல் சுடும்.

வாலாஜாவிலிருந்து: வழியில் எதைத் தவறவிடக் கூடாது?

மரக்காணம் உப்பளம், கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டை, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை எல்லாம் பாருங்கள். ஆனால் நம் ஊர்க்காரர்கள் வாயலூர் பாலத்தில் கட்டாயம் இறங்கி நிற்க வேண்டும். நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் வரும் நம் பாலாறு கடலில் சேர்வது அங்கேதான். வேலூரில் வெறும் மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு அது. அங்கே அதன் அகலத்தைப் பார்த்தால், நாம் எவ்வளவு பெரிய ஆற்றங்கரையில் வாழ்கிறோம் என்பது புரியும். எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

மறுபடி காட்பாடித் தம்பி: உப்புக் காற்றில் செயின் துருப்பிடிக்குமே?

பிடிக்கும். ராத்திரி தங்குமிடத்தில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும்.